விளக்கு போடும் நேரத்துக்கு எது கைகொடுக்கும்? நிலக்கரி, யுரேனியம், வெயில், காற்று: ஓர் ஒப்பீடு

மூன்று பொருள்களை மேசை மேல் வரிசையாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நிலக்கரி. சுண்டுவிரல் நுனி அளவே உள்ள, 7 கிராம் எடை கொண்ட யுரேனிய வில்லை ஒன்று. ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல். ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மற்ற வாதங்கள் எல்லாம் அப்புறம்.

நல்ல ரக நிலக்கரியாக இருந்தால், ஒரு கிலோவுக்கு அனல்மின் நிலையத்தில் 2 முதல் 2.5 யூனிட் வரை கிடைக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியை இரண்டு மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். அதற்காகப் புகைபோக்கி வழியே வெளியேறிய கரியமில வாயு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. எரித்ததைவிட வெளியே போனதன் எடை எப்படிக் கூடும் என்று தோன்றலாம். கார்பனின் ஒவ்வோர் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. எடை ஏறுவது அதனால்தான்.

யுரேனிய வில்லை தன் ஆயுளில் 2,000 யூனிட்டுக்கு மேல் தரும். கிட்டத்தட்ட ஒரு டன் நிலக்கரிக்குச் சமம். உலைக்குள் போகும் முன் அதைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் பார்க்கலாம். உலையிலிருந்து வெளியே வந்த பிறகு தடிமனான தடுப்பு இல்லாமல் அதன் பக்கத்தில் போகவே முடியாது.

பேனல்தான் இதில் ஆச்சரியம். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு சதுர மீட்டர் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு யூனிட் தருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 25 வருடம் தருகிறது. மொத்தம் கூட்டினால் 7,000 யூனிட்டைத் தாண்டும். அதாவது 12 கிலோ எடையுள்ள ஒரு கண்ணாடித் தகடு, மூன்று டன் நிலக்கரியின் வேலையைச் செய்துவிடுகிறது. மேகமூட்டம் நிறைந்த வட நாடுகளில் இதில் பாதிதான் வரும். இருட்டிய பிறகு எந்த நாட்டிலும் ஒன்றும் வராது.

எரிபொருள் விவாதங்களில் ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான ஒரு கணக்கைக் கையில் வைத்திருக்கிறது. ஒரு யூனிட்டின் விலையைச் சொன்னால் சோலார் ஜெயிக்கும். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டால் அணு ஜெயிக்கும். இன்று இருக்கிற நிலையம், இன்று இருக்கிற லைன் என்று பார்த்தால் நிலக்கரி ஜெயிக்கும். எனக்குப் பல வருடப் படிப்புக்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகத் தெரிகிறது: வருடத்தின் மிக மோசமான வாரத்தில், இரவு எட்டு மணிக்கு, மின்சாரம் எங்கிருந்து வரும், அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? விலை என்று நான் சொல்வதில் பணம் ஒரு பகுதிதான். மூச்சும் உண்டு, நிலமும் உண்டு, பிள்ளைகள் காலத்து வானிலையும் உண்டு.

எரிப்பதில் உள்ள நன்மையை மறைக்க வேண்டாம்

நிலக்கரியின் பெரிய பலம், அதைக் குவித்து வைக்கலாம் என்பது. நிலைய வளாகத்தில் சில வாரங்களுக்கான கரி மலை போலக் கிடக்கும். தேவை ஏறும்போது கூடுதலாக எரிக்கலாம், இறங்கும்போது குறைக்கலாம். எரிவாயு நிலையம் இன்னும் சுறுசுறுப்பு. சில நிமிடங்களில் கிளம்பிவிடும் வகைகள்கூட உண்டு. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த வெயிலை, நமக்கு வேண்டிய நொடியில் எடுத்துச் செலவழிக்கிறோம். இந்த வசதிக்கு ஈடான ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் மாற்று எரிசக்தியின் மொத்தக் கஷ்டமும்.

ஆனால் அந்த வசதிக்கு மனிதர்கள் கொடுத்த விலை பயங்கரமானது. 1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை ஐந்து நாள் மூடியது. அப்போதே 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அது கண்ணுக்குத் தெரிந்த புகை. இன்றைய நிலையங்களின் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய நிலையங்களை வைத்து, 100 கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று கணக்கிட்டது. நிலக்கரிக்கு 24.6. எரிவாயுவுக்கு 2.8. அணுவுக்கு 0.1க்கும் கீழே. காற்றாலைக்கும் சோலாருக்கும் பிற்காலத்தில் போட்ட கணக்குகளும் இதே 0.1க்குக் கீழேதான் நிற்கின்றன.

இந்த எண்களை ஒரு நிலையத்துக்குப் பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட முழுத் திறனில் ஓடினால் சுமார் 790 கோடி யூனிட் வரும். அதை நிலக்கரியில் எடுத்தால், அந்த ஆய்வின் கணக்குப்படி, வருடத்துக்குச் சுமார் 190 மரணங்கள். ஒரே இடத்தில், ஒரே நாளில் நிகழ்ந்தால் உலகமே பேசும். ஒருவர் ஆஸ்துமாவில், இன்னொருவர் மாரடைப்பில், வேறு வேறு வீடுகளில் போவதால் யாருக்கும் செய்தியாவதில்லை.

அதே நிலையம் வருடத்துக்குச் சுமார் 33 லட்சம் டன் கரி கேட்கும். 4,000 டன் ஏற்றும் சரக்கு ரயில்கள் தினமும் இரண்டுக்கு மேல் வந்து கொட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலே 3 லட்சம் டன் சாம்பல் மிஞ்சும். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசியில், கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து 40 லட்சம் கன மீட்டர் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. அணுக்கழிவு என்றதும் நடுங்குகிற நாம் இந்தக் கழிவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எரிவாயு நிச்சயம் மேல். துகள் குறைவு. கரியமில வாயுவும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான்: சுரங்கம் தொடங்கி இடிப்பு வரை சேர்த்து, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2014இல் தந்த நடுமதிப்பு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490. ஒரு பெரிய ஓட்டை மட்டும் இருக்கிறது. எரியாமல் கசியும் மீத்தேன், 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிணற்றிலிருந்து அடுப்பு வரை சில சதவீதம் கசிந்தாலே, நிலக்கரியைவிட நல்லது என்ற பெயர் போய்விடும். கசிவை அளக்காமல் எரிவாயுவைச் சுத்தமான எரிபொருள் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நம்பகத்தன்மையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் அடித்தபோது எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்து, நிலையங்களுக்கு எரிபொருளே வரவில்லை. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் 246 பேர் இறந்தார்கள். வேண்டும்போது கிடைக்கும் என்று நம்பிய எரிபொருள், மிக மோசமான அந்த வாரத்தில்தான் காலை வாரியது.

அணு: பயம் ஓர் இடத்தில், ஆபத்து வேறிடத்தில்

அணுமின் நிலையத்தின் உள்ளே நடப்பது பலர் நினைப்பதைவிட எளிமையானது. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. அனல்மின் நிலையத்திலும் அதேதான். வெப்பம் வருகிற வழி மட்டும் வேறு. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். அதைப் பெரும்பாலான உலைகளுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுகிறார்கள். குண்டுக்கு 90 சதவீதம் போலத் தேவை. உலை அணுகுண்டு போல வெடிக்காது என்று சொல்வதன் அடிப்படை இதுதான். நீராவியாலும் ஹைட்ரஜனாலும் வெடிக்கலாம், வெடித்திருக்கிறது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நடந்தது அதுதான். நிலையற்ற வடிவமைப்பு, மேலே வலுவான கவச உறை இல்லை, பாதுகாப்புக் கருவிகளை அணைத்துவிட்டு நடத்திய சோதனை. அன்றிரவு இருவர் இறந்தார்கள். கதிர்வீச்சு நோயால் அடுத்த சில மாதங்களில் 28 பேர். அதிகம் பாதிக்கப்பட்டோரில் காலப்போக்கில் 4,000 பேர் வரை புற்றுநோயால் இறக்கக்கூடும் என்று ஐ.நா. அமைப்புகள் 2005இல் மதிப்பிட்டன. 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமாவில் சுனாமி அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, குளிர்விப்பு நின்றது, மூன்று உலைகள் உருகின. கதிர்வீச்சால் ஒரு மரணத்தை ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது. வெளியேற்றமும் இடப்பெயர்வும் அதனால் வந்த நலிவும் 2,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. பெரும்பாலும் முதியவர்கள். அணுவைவிட அவசரம் அதிகம் பேரைக் கொன்றது என்பதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

இதை எல்லாம் சேர்த்த பிறகும் அணுவின் எண் 0.1க்குக் கீழே நிற்கிறது. நான் நீண்ட காலம் அணுமின்சாரத்தை முழுமையாக எதிர்த்தவன். விபத்தை நினைத்துப் பயந்தேன், அனல் நிலையம் தினசரி செய்வதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த அளவில் என் எண்ணம் மாறிவிட்டது.

கழிவுக்கு வருவோம். 1954இல் சோவியத் நாட்டின் ஓப்னின்ஸ்க் அணுமின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து உலகம் முழுக்கச் சேர்ந்த பயன்படுத்திய எரிபொருள் சுமார் 4 லட்சம் டன். நாம் பார்த்த அந்த ஒற்றை அனல் நிலையத்தின் ஒன்றரை வருடச் சாம்பலை விடக் குறைவு. அளவு சின்னது, ஆயுள்தான் மிக நீண்டது. பின்லாந்து, ஓங்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சுமார் 190 கோடி வருடப் பழைய பாறைக்குள் இதற்கான நிரந்தரக் கிடங்கைக் குடைந்திருக்கிறது. தொழில்நுட்ப ரீதியாக வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் தன் கழிவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்காமலே பல நாடுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் உலை ஓட்டுகின்றன. அமெரிக்காவின் யக்கா மலைத் திட்டம் இருபது வருடத்துக்கு மேல் இழுத்து, பிறகு நிதி இல்லாமல் கைவிடப்பட்டது. புதிதாக உலை கேட்கும் எந்த அரசிடமும் முதலில் கேட்க வேண்டியது கிடங்கின் இடமும் தேதியும்தான்.

அணுவின் உண்மையான பலவீனம் பணமும் காலமும். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3 உலையின் கட்டுமானம் 2005இல் தொடங்கியது. 2009இல் முடிந்திருக்க வேண்டும். முறையாக மின்சாரம் தரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். பிரான்ஸின் ஃப்ளமான்வில் 3: 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. அமெரிக்காவின் வோக்ட்ல் நிலையத்தில் இரண்டு புதிய உலைகளுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 3,000 கோடியைத் தாண்டியது. கட்டி முடிக்கும் வரை ஒரு யூனிட்கூட வராது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி வீதம் ஏற ஏற, அணு மின்சாரத்தின் விலை மற்ற எதையும்விட வேகமாக ஏறும்.

அப்படியானால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமா? ஆகவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல் பிரான்ஸ் ஒரு முடிவெடுத்தது. ஒரே மாதிரியான உலைகளை, அதே கட்டுநர்களை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியது. பதினைந்து இருபது வருடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட உலைகள். இன்றும் அங்கே மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்துதான். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் கொரிய வடிவமைப்பில் நான்கு உலைகள் 2012இல் தொடங்கி, முதலாவது 2020இலும் நான்காவது 2024இலும் மின்சாரம் தர ஆரம்பித்தன. நாட்டின் மின்தேவையில் கால்வாசி. முதல் உலையில் கொத்தனாரும் வெல்டரும் இன்ஜினீயரும் கற்றுக்கொண்டது நான்காவதில் பலன் தருகிறது. பத்து வருடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் வேறு வடிவம் என்று கட்டினால் ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அணு எப்போதும் ஓடும் என்பதும் முழு உண்மை ஆகாது. 2022இல் குழாய்களில் கண்டுபிடித்த அரிப்பு விரிசலும் பராமரிப்பு வேலைகளும் சேர்ந்துகொள்ள, பிரான்ஸின் 56 உலைகளில் பாதிக்கு மேல் ஒரே சமயத்தில் நின்றன. ஒரே வடிவமைப்பு என்ற பலம், ஒரே கோளாறு என்ற பலவீனமாகவும் திரும்பியது. வருடக்கணக்கில் மின்சாரம் ஏற்றுமதி செய்த நாடு, அந்த ஆண்டு வெளியிலிருந்து வாங்கியது.

மாலை ஆறு மணிக்கு ஒரு திரையின் முன்னால்

சோலாரின் விலை சரிந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய சோலார் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கான செலவு 2010க்கும் 2020க்கும் இடையில் 85 சதவீதம் குறைந்தது. லித்தியம் பேட்டரியின் விலையும் 2010இலிருந்து 2023க்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது. புதிதாக ஒரு நிலையம் போடுவதென்றால், உலகின் பெரும்பாலான இடங்களில் வெயிலும் காற்றும்தான் இன்று மலிவு. அதோடு ஒன்றிரண்டு வருடத்தில் கட்டி முடித்துவிடலாம். உலை ஒன்று கட்டி முடிக்கும் காலத்தில் ஐந்தாறு சோலார் பண்ணைகள் அடுத்தடுத்து எழுந்துவிடும். ஒவ்வொன்றும் முடிந்த அன்றே மின்சாரம் தரும்.

கஷ்டம் எங்கே என்பது மின்தொகுப்பின் கட்டுப்பாட்டு அறையில் தெரியும். திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும்: 50.00. பல நாடுகளில் மின்சாரத்தின் அதிர்வெண் அது, நொடிக்கு 50 சுழற்சி; சில நாடுகளில் 60. உற்பத்தியும் தேவையும் அந்த நொடியில் சமமாக இருந்தால் எண் அசையாது. தேவை கூடினால் 49.97, 49.94 என்று இறங்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் டர்பைன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் துளி வேகம் குறைகின்றன. ஒரே கயிற்றால் பிணைத்த மாடுகள் மாதிரி. இறக்கம் கைமீறினால் பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொரு பகுதியாக இணைப்பைத் துண்டிக்கும்.

சோலார் நிறைந்த மின்தொகுப்பில் மதியம் நிம்மதி. மாலை ஐந்துக்கு மேல் சோலார் வரைகோடு சரியத் தொடங்கும். அதே நேரம் வீடுகளில் விளக்கும் அடுப்பும் ஏசியும் போடுகிறார்கள், தேவைக் கோடு ஏறுகிறது. ஒன்று இறங்க ஒன்று ஏற, மூன்று மணி நேரத்துக்குள் வேறிடத்திலிருந்து பிரமாண்டமான அளவு மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவில் இந்த வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து அதற்கு வாத்து என்றே பெயர் வைத்தார்கள்.

இதே கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, மின்தொகுப்புக்கு அதிக மின்சாரம் தந்தது பேட்டரிகள்தான். எரிவாயுவையும் அணுவையும் நீர்மின்சாரத்தையும் தாண்டி. மதிய வெயிலை அடைத்து வைத்து மாலையில் திறந்துவிட்டார்கள். பத்து வருடம் முன் இது நடக்காது என்று கற்றறிந்தவர்கள் சொன்னார்கள். அன்றாட மாலைப் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நான் சொல்வேன். பேட்டரிக்கும் ஆபத்து உண்டு: 2025 ஜனவரியில் அதே மாநிலத்தின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் தீப்பற்றி, சுற்றுவட்டார மக்களை வெளியேற்ற வேண்டிவந்தது. பழைய கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கியதே தீ பரவ வழி செய்தது. திறந்தவெளியில் இடைவெளி விட்டு வைக்கும் இப்போதைய முறை அதைவிடப் பாதுகாப்பானது.

விடை கிடைக்காதது அந்த மோசமான வாரத்துக்குத்தான். குளிர்காலம், பத்து நாள் அடர்ந்த மேகம், காற்றும் அசையவில்லை. ஜெர்மானியர்கள் இதற்கு இருள் தேக்கம் என்ற பொருளில் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். காற்றாலையின் கணக்கு இங்கே இரக்கமில்லாதது: காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். இன்றைய பேட்டரி நிலையங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கானவை. பத்து நாளை அவற்றால் கடக்க முடியாது. தொலைதூரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்த லைன்கள், மேட்டு அணைக்கு நீரேற்றி வைக்கும் நிலையங்கள், அணு, அல்லது வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் எரிவாயு நிலையம் என்று ஏதாவது ஒன்றோ பலவோ வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள நாடுகளுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. அங்கே வெயில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் ஜெர்மனியின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துப் பேசுவது பெரிய தவறு.

நிலம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. அந்த 790 கோடி யூனிட்டை வெயிலில் எடுக்கச் சுமார் 4,500 மெகாவாட் பேனலும் 90 சதுர கிலோமீட்டர் இடமும் தேவை. ஆனால் கூரையிலும் நீர்த்தேக்கத்தின் மேலும் போடலாம், பேனலுக்குக் கீழே ஆடு மேயலாம். காற்றாலைகளுக்கு நடுவே உழவே செய்கிறார்கள். சுரங்கம் தோண்டிய நிலத்தில் இது எதுவும் நடக்காது. இன்னொரு சார்புநிலை பற்றியும் யோசிக்க வேண்டும். சோலார் பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். யுரேனியம் செறிவூட்டும் திறனில் ரஷ்யா மட்டும் சுமார் 40 சதவீதம் வைத்திருக்கிறது. இருந்தாலும் வித்தியாசம் உண்டு: எரிவாயு வரத்து நின்றால் நாளைக்கே விளக்கு அணையலாம், 2022இல் ஐரோப்பா அந்த ஆபத்தை நெருங்கிப் பார்த்தது. பேனல் வரத்து நின்றால் புதிது போடுவதுதான் தள்ளிப்போகும், கூரையில் இருப்பது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நீர்மின்சாரம் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். திறந்தால் வரும், மூடினால் நிற்கும், இதைவிட நல்ல துணை வெயிலுக்கும் காற்றுக்கும் இல்லை. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான். ஆனால் 1975 ஆகஸ்டில் சீனாவின் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரம் பேர் இறந்ததையும், அணைகளுக்காக ஊர்விட்டுப் போனவர்களையும் மறந்துவிட்டு இதைச் சுத்தம் என்று சொல்லக் கூடாது. புவிவெப்பம் ஐஸ்லாந்து போன்ற எரிமலை நிலங்களுக்குப் பொருந்தும். மரத்தை வெட்டி எரிப்பதைப் புதுப்பிக்கத்தக்கது என்ற பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. வெட்டிய மரம் வளர்ந்து அந்த வாயுவைத் திரும்ப எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எப்படி முடிவெடுப்பது

எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி. என் வரிசை இது.

ஓடிக்கொண்டிருக்கும், பாதுகாப்புச் சோதனையில் தேறும் உலை இருந்தால் அதை மூட வேண்டாம். ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. அந்த ஆண்டு அதன் மின்சாரத்தில் கால்வாசி இன்னும் நிலக்கரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் மூட வேண்டியதைக் கடைசியாகவும், கடைசியில் மூட வேண்டியதை முதலிலும் மூடினார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, நிலக்கரியை நிறுத்துவது. முடியுமா என்றால், முடியும். 1882இல் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய பிரிட்டன், கடைசி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. 2012இல்கூட அங்கே 40 சதவீதம் போல நிலக்கரிதான். கரியமில வாயுவுக்கு விலை வைத்தார்கள், கடலில் காற்றாலை நட்டார்கள், இடைக்காலத்துக்கு எரிவாயுவைப் பயன்படுத்தினார்கள். பன்னிரண்டு வருடம் போதுமானதாக இருந்தது.

அந்த இடத்தை நிரப்ப வெயில், காற்று, பேட்டரி, லைன்கள். கடைசிச் சொல் முக்கியம். காற்றாலை நட ஒரு வருடம் போதும், அதிலிருந்து நகரத்துக்கு லைன் இழுக்க அனுமதி வாங்கப் பத்து வருடம் என்ற நிலை பல நாடுகளில் இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் கூடவே வளர வேண்டும்; 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால்.

புதிய உலை வேண்டுமா? குளிர்காலம் நீண்ட, ஆறுகள் குறைந்த, கனரகத் தொழில் நிறைந்த நாட்டுக்கு வேண்டும் என்பேன், ஒரு நிபந்தனையோடு. ஒரே வடிவத்தில் நான்கோ ஆறோ கட்டத் துணிவும், குறைந்த வட்டியில் பணமும், அரசுக்குப் பயப்படாத கண்காணிப்பு அமைப்பும், கழிவுக்கு இடமும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பணத்தை லைனுக்கும் பேட்டரிக்கும் கொடுப்பது மேல். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் சிறு தீவுக்கு யோசிக்கவே தேவையில்லை: வெயில், பேட்டரி, அவசரத்துக்கு அதே பழைய ஜெனரேட்டர்.

எரிவாயு கடைசிவரை கொஞ்சம் இருக்கும். வருடத்தில் சில நூறு மணி நேரம் ஓடுவதற்கென்றே வைத்திருக்கும் எரிவாயு நிலையம் எனக்கு உறுத்தவில்லை. வருடம் முழுக்க ஓடுவதற்காக இன்று புதிதாகக் கட்டும் நிலையம் உறுத்துகிறது.

இவ்வளவு நேரம் பேசியது மின்சாரத்தைப் பற்றி மட்டும். உலகம் நேரடியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி இன்னும் எரிப்பதிலிருந்து வருகிறது. ஆனால் அவ்வளவையும் அப்படியே ஈடுகட்டத் தேவையில்லை. பெட்ரோல் காரின் இன்ஜின் எரிபொருளில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடிக்கிறது, மின்சார மோட்டார் பத்தில் ஒரு பங்கு போல. வெளியில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். உண்மையான முரண்டு வேறிடங்களில்: சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வருகிறது; விமான எரிபொருள் கிலோவுக்குச் சுமார் 12 யூனிட் ஆற்றல் வைத்திருக்க, பேட்டரி கால் யூனிட்தான் தாங்குகிறது. அங்கே எரிபொருள் இன்னும் நீண்ட நாள் எரியும். அதனால்தான் மின்சாரத்தில் முடிந்ததைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்கிறேன்.

மூடிய அனல் நிலையத்தில் இன்னும் ஒரு சொத்து மிஞ்சும். மின்தொகுப்புக்குப் போகும் தடிமனான லைன்கள், சுவிட்ச்யார்டு, தண்ணீர் வசதி, அப்புறம் டர்பைனைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் ஆட்கள். புதிதாக லைன் அனுமதிக்குக் காத்திருப்பதை விட அங்கேயே பேட்டரியையும் பேனலையும் இணைத்துவிடலாம். அமெரிக்காவின் வயோமிங்கில், கெம்மரர் ஊரில், நிலக்கரியைக் கைவிடத் திட்டமிட்ட ஓர் அனல் நிலையத்தின் அருகிலேயே 2024இல் புதுவகை அணுமின் நிலையம் ஒன்றின் வேலையைத் தொடங்கினார்கள். நீராவிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டிலும் வேலை ஒன்றுதான். ஜெர்மனி நிலக்கரியை 2038க்குள் விடுவதற்கான திட்டத்தில், சுரங்கப் பகுதிகளுக்கென்று 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்தச் செலவுக்கென்று ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. நான் போடும் கணக்கில் அது யூனிட் விலைக்கு அடுத்த வரியிலேயே வருகிறது.